சோம்பன் மேல் விழுந்த பழி

அந்த வீட்டில் அடுப்பு இரண்டு, கொல்லை ஒன்று. அண்ணன் குடும்பம் முன்கட்டில், தம்பி குடும்பம் பின்கட்டில். துணி காயப்போடும் கொடியில்கூட நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்திருந்தார்கள். கொல்லையில் மேய்ந்த கோழிகள் மூத்த மருமகளுடையவை. அங்கேயே படுத்துத் தூங்கிய நாய் இளைய மருமகளுடையது.

இளையவளுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பிவைக்கிற வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவாள். இறுகியதும் பிரித்தெடுத்து, அந்த வாய்க்குப் பொருந்துகிற மாதிரி மெழுகில் பல்வரிசை கட்டுவாள். முகம் தெரியாத மனிதர்களின் வாயெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யார் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார்கள், யார் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள் என்பதை அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பஸ்ஸில் எதிர் சீட்டில் யாராவது வயதானவர் வாய்விட்டுச் சிரித்தால், நம்ம கைவேலையாக இருக்குமோ என்று எட்டிப் பார்ப்பாள். தெருவில் அவளுக்குப் பல்செட் அக்கா என்றே பெயர்.

வேலை செய்யும் இடத்தில் கலகலப்பாக இருப்பவள் வீட்டுக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுவாள். அதற்குக் காரணம் மூத்தவள். மூத்தவள் பொல்லாதவள் இல்லை. இளையவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, ஈரத்துணி போட்டு, விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஆனால் அவள் குரல் அப்படி. கொல்லையில் நின்று தொண்டையைக் கனைத்தால் தெருமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். புருஷன் சரக்கு லாரியை எடுத்துக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அதனால் வீட்டில் எது வாங்குவது, எதை விலக்குவது, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று எல்லாவற்றுக்கும் அவள் சொன்னதுதான் சட்டம். இளையவள் எதற்கும் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

நாய் விஷயத்தில் மட்டும்தான் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காரியம் செய்தாள். மழை கொட்டிய ஒரு நாள் வேலைக்கூடத்து வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அது வளர்ந்து நாயானது. எந்நேரமும் தூக்கம். தபால்காரர் தாண்டிப் போனாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். சோம்பன் என்று பேர் வைத்தது மூத்தவள். திட்டுவதற்காக வைத்த பேர், செல்லப்பேராகவே ஒட்டிக்கொண்டது.

மூத்தவளுக்கு உயிர் என்றால் மகராணி. வெள்ளையில் பழுப்புப் புள்ளி விழுந்த பெட்டைக்கோழி. எந்தக் கோழி முட்டையை வைத்தாலும் முகம் சுளிக்காமல் அடைகாக்கும். ஒருமுறை வாத்து முட்டையை வைத்துவிட்டார்கள். பொரித்த குஞ்சுகள் தொட்டித் தண்ணீரில் இறங்கி நீந்த, மகராணி கரையில் நின்று கத்தோ கத்தென்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டது. தாய் இல்லாத குஞ்சாக வந்த மகராணியை அடுப்பின் வெதுவெதுப்பில் செருப்பு டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றியவள் மூத்தவள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே அது ஓடி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் சோம்பன் குரைத்தது. குரைக்காத நாய் குரைக்கிறதே என்று மூத்தவள் எழுந்து ஓடினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மகராணி கழுத்து துவண்டு கிடந்தது. அதன் மேல் குனிந்து நின்றது நாய். வாயோரத்தில் வெள்ளை இறகு.

அவள் போட்ட கூச்சலில் வீடே எழுந்துகொண்டது. இளையவளும் ஓடி வந்து பார்த்தாள். கையும் களவுமாக என்பார்களே, அதற்கு மேல் என்ன இருக்கிறது. மூத்தவள் கோழியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நாயைக் கல்லெடுத்து அடிக்கவில்லை. அதுதான் இளையவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த வீட்டில் தகராறு என்றால் தீர்த்துவைப்பவர் மாமனார். கோர்ட் வாசலில் நின்று வாதி, பிரதிவாதி, சாட்சி பேரைக் கூவிக் கூப்பிடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தீர்ப்பு எழுதியது வேறு யாரோதான் என்றாலும் எல்லா வழக்கையும் காதால் கேட்டவர் ஆயிற்றே. கொல்லைக் கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு குடோன் காவலாளி வந்து நாயை ஓட்டிக்கொண்டு போகட்டும், அவனுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறான் என்றாள். மாமனார் இளையவளைப் பார்த்தார். அவள் புருஷனும் அவளைப் பார்த்தான். வழக்கமான "சரிக்கா" வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

வரவில்லை.

"புதைக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாத்துக்கறேன்கா," என்றாள் இளையவள்.

"என்னத்தப் பாக்கப் போற? வாயில இறகு இருந்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி?"

"கழுத்த மட்டும் பாக்கறேன். அப்புறம் குடுத்துடறேன்."

மூத்தவள் தர மனமில்லாமல்தான் தந்தாள். இளையவள் கழுத்து இறகை விரலால் விலக்கினாள். தலைக்குப் பின்னால், இறகுக்கு அடியில் இரண்டு பொட்டு. ஊசி குத்தின மாதிரி, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. உடம்பில் வேறு எங்கும் காயம் இல்லை. அவளுக்குள் ஏதோ சட்டென்று விழித்துக்கொண்டது. இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் மனுஷ வாய்தான். ஆனாலும் கடித்த இடம் கடித்த இடம்தானே. கடித்த வாய் தன் அளவை விட்டுவிட்டுத்தானே போயிருக்கும்.

உள்ளே ஓடி வேலைப்பையிலிருந்து ஒரு துண்டு மெழுகை எடுத்துவந்தாள். வெந்நீரில் போட்டு இளக்கி, அந்த இரண்டு பொட்டின் மேல் வைத்து அழுத்தி, ஆறவிட்டு எடுத்தாள். மெழுகில் இரண்டு சின்ன முளைகள் எழும்பியிருந்தன. கோழியின் தலையைத் தடவி மூத்தவளிடம் திருப்பிக் கொடுத்தாள். மூத்தவள் எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டச் சொல்லி, தானே மண் போட்டாள். சோம்பனைப் பின்கட்டுக் கதவில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். காவலாளி வரும்வரை இருக்கிற ஒரு வாரம் இளையவளுடையது.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதலாளியிடம் கொஞ்சம் அச்சுப் பசையும் ஒரு பழைய தட்டும் கேட்டாள். வாய்க்குள் வைத்துப் பல்லின் அச்சை எடுக்கிற பசை அது. எதற்கு என்று கேட்டார். நாய்க்கு என்றாள். முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "மேல்செட்டா, கீழ்செட்டா?" என்றார். கூடமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் புருஷன் சோம்பனின் தாடையைப் பிடித்துக்கொள்ள, இவள் தட்டில் பசையைக் குழைத்து உள்ளே வைத்தாள். புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். எத்தனையோ இன்ஜினைப் பிரித்தவன், ஒரு நாயின் வாயைப் பிடிக்கத் திணறினான். கஷ்டமெல்லாம் நாய்க்குப் பிடிக்காமல் வரவில்லை, பிடித்துப்போனதால் வந்தது. பசையில் புதினா வாசனை இருக்கும். சோம்பன் அதை நக்கியே தீர்ப்பது என்று நின்றது. முதல் தட்டு முழுவதும் வயிற்றுக்குள் போய்விட்டது. அடுத்ததில் புருஷன் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். சொறிந்த சுகத்தில் அது கண்ணைச் செருகிக்கொண்டு அசையாமல் நிற்க, பசை இறுகிவிட்டது. முன்கட்டு ஜன்னலில் மூத்தவள் நின்று பார்ப்பது தெரிந்தது. இளையவள் தலையை நிமிர்த்தவில்லை. கையில் வேலை இருந்தது.

பிளாஸ்டர் ஊற்றி எடுத்தபோது நாயின் மேல்வரிசை அப்படியே வந்திருந்தது. கவராயத்தின் ஒரு முனையை ஒரு கோரைப்பல்லில் வைத்து, இன்னொரு முனையை எதிர்ப்பக்கத்துக் கோரைப்பல்லுக்கு விரித்தாள். விரித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. மெழுகில் இருந்த முளைகள் இரண்டுக்கும் நடுவில் அதில் பாதி தூரம்கூட இல்லை. அதோடு இன்னொன்று. சோம்பனின் ஒரு பக்கத்துக் கோரைப்பல் பாதியில் முறிந்து மொட்டையாக இருந்தது. வளர்த்தவளுக்கே இதுவரை தெரியாத சங்கதி. இந்த நாய் கடித்திருந்தால் ஓர் ஓட்டைதான் விழுந்திருக்கும். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சந்தோஷத்தில் இறங்கவில்லை.

ஆனால் அந்தச் சந்தோஷம் அரைக் கிணறுதான். நாய் இல்லை என்றால் வேறு எது என்று கேட்பார்களே. பக்கத்து வீட்டுப் பூனை மேல் அவளுக்குச் சந்தேகம் இருந்தது. பூனை வாயில் தட்டை வைக்க முடியுமா? கையில் தோல் மிஞ்சாது. மெழுகை உருட்டி, அதன் மேல் மீன் தோலைச் சுற்றி மதில்மேல் வைத்தாள். பூனை வந்து ஆசை தீரக் கடித்துவிட்டு, ஏமாந்த கோபத்தில் இவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனது. பல் பதிந்த மெழுகை அளந்தாள். நாய் அளவுக்கு இல்லை என்றாலும் முளைகளின் இடைவெளியைவிட அகலம்தான். ஆக, பூனையும் இல்லை.

பிறகு கொல்லையை அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தாள். கோழி கிடந்த இடத்திலிருந்து மதிலை நோக்கி நடந்தாள். துவைக்கிற தண்ணீர் வெளியே போக மதிலடியில் ஓர் ஓட்டை உண்டு. அதற்கு முன்னால் சேறு காயாமல் கிடந்தது. அங்கே குட்டியாக, அழகாக, ஒரு காலடி. வேலைக்கூடத்தில் வாய்க்குள் ஊற்றுகிற அதே பிளாஸ்டரைக் கரைத்து, அந்தக் காலடிக்குள் ஊற்றிவிட்டு, அது இறுகும்வரை மழை வரக் கூடாதே என்று வானத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமனாரிடம் போய், மாமா, நான் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் கேட்கணும் என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் இப்படி வந்து நின்றதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூத்தவளைக் கூப்பிட்டார், பேரைச் சொல்லி, கோர்ட்டுக் குரலில்.

இளையவள் பெஞ்சின் மேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் நடுங்கியது. நாய்ப் பல் வரிசையைக் கையில் எடுத்ததும் நடுக்கம் நின்றுபோனது. முறிந்த பல்லைக் காட்டினாள். கவராயத்தை மாமனார் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னாள். பூனை கடித்த மெழுகைக் காட்டினாள். நாய் கடித்தால் தோல் கிழிந்து எலும்பு நொறுங்கியிருக்கும், இங்கே அப்படி ஒன்றும் இல்லையே என்றாள். சத்தம் கேட்டுச் சோம்பன் ஓடியிருக்க வேண்டும், கடித்தது தப்பியிருக்க வேண்டும், விழுந்து கிடந்த மகராணியை இது மோந்து பார்த்திருக்க வேண்டும், இறகு அப்படித்தான் ஒட்டியிருக்கும் என்றாள். மூத்தவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"சரி. நாயும் இல்ல, பூனையும் இல்ல. அப்ப எதுடி என் கோழியக் கொன்னது?"

"தெரியலக்கா. எது இல்லன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். காலடிய அச்சு எடுத்து வச்சிருக்கேன். எதோட காலுன்னு தெரியல."

பெஞ்சில் மிச்சம் இருந்த பிளாஸ்டர் கட்டியை மூத்தவள் எடுத்தாள். வெளிச்சத்துக்காகக் கதவருகே கொண்டுபோனாள். ஒரு விரல், இரண்டு விரல் என்று தன் விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். விரல் ஐந்து. ஒவ்வொன்றின் நுனியிலும் நகம் கீறின கோடு. அவள் முகத்தில் இருந்த கடுகடுப்பு மெல்லக் கரைந்தது. அவள் அப்பாவுக்கு வயலோரத்தில் வீடு. சின்ன வயதில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இந்தக் காலடியை எத்தனை தடவை பார்த்திருப்பாள்.

"கீரிடி இது," என்றாள். "எங்கம்மா கோழிய வரிசையாக் கொண்டுபோச்சே, அதே சனியன். பட்டப்பகல்ல வரும். ருசி கண்டுட்டா அதே நேரத்துக்குத் திரும்ப வரும்."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வாய்தா," என்றார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பெண்களும் முன்கட்டுச் சமையலறை ஜன்னலில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அந்த ஜன்னலில் ஒருத்திதான் தாராளமாக நிற்கலாம். மகராணி போனதிலிருந்து அடைத்துவைத்திருந்த கோழிகளைக் கூண்டிலிருந்து திறந்து விட்டவள் மூத்தவளே. விட்டுவிட்டு முந்தானை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். சோம்பனின் சங்கிலி இளையவள் கையில் இருந்தது. வழக்கம்போல அது அவள் காலடியில் சுருண்டு கொர்ரென்று தூங்கியது. இதை நம்பியா இறங்கினோம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

மதிலடி ஓட்டையில் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு சிவந்த கண். பிறகு வழுக்கிக்கொண்டு வருவது போல, நீளமாக, சாம்பல் நிறத்தில் முழு உடம்பும் உள்ளே வந்தது. முன்னங்காலைத் தூக்கி நின்று கொல்லையை நோட்டம் விட்டது. கோழிகள் எதுவும் அறியாமல் மண்ணில் புரண்டுகொண்டிருந்தன.

மூத்தவள் இளையவளின் கையிலிருந்து சங்கிலியை வாங்கினாள். குனிந்து கொக்கியை அவிழ்த்தாள்.

"டேய் சோம்பா," என்றாள் காதோடு. "போடா, ராசா."

அப்போதுதான் வாசனை பிடித்ததோ, அவள் முதல்தடவையாகக் கொஞ்சியதால் வந்த ரோஷமோ, அந்த நாய் பாய்ந்த பாய்ச்சலில் வாசற்படியில் இருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டு கொல்லை வரை போனது. கீரி திரும்பிப் பார்த்து மயிரைச் சிலிர்த்துச் சீறியது. சோம்பன் நிற்கவில்லை. கோழிகள் நாலா பக்கமும் பறக்க, கொடி அறுந்து அதில் காய்ந்த போர்வை விழ, துவைக்கிற கல்லைச் சுற்றி இரண்டும் சுழன்றன. கடைசியில் கீரி ஓட்டைக்குள் பாய்ந்து நுழைந்து தப்பியது. அதன் வால் மயிர் ஒரு கொத்து நாயின் வாயில். சோம்பன் ஓட்டைக்கு முன்னால் நின்று, அதுவரை சேர்த்துவைத்த குரைப்பையெல்லாம் ஒரே மூச்சில் குரைத்துத் தீர்த்தது.

மூத்தவள் ஓடிப்போய்க் கோழிகளை எண்ணினாள். எல்லாம் இருந்தன. மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து கதவுக்கு வந்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரி சோம்பன், சோம்பன், சோம்பன் என்று மூன்று தரம் கூப்பிட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. "விடுதலை," என்றார்.

சாயங்காலம் குடோன் காவலாளி கயிற்றோடு வந்தான். மூத்தவள் அவனை உட்காரவைத்து டீ கொடுத்து, எங்க வீட்டு நாயை நாங்க எதுக்குப்பா குடுக்கணும் என்று கேட்டு அனுப்பினாள். இளையவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவளுக்கு வராது. ஆனால் சோற்றில் அவித்த முட்டை ஒன்றைப் பிசைந்து கொண்டுவந்து சோம்பன் முன்னால் வைத்துவிட்டு, அது தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு, "பல்லெல்லாம் பாத்து எப்படிடி கண்டுபிடிச்ச? எனக்கும் சொல்லு," என்று இளையவளின் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தாள். அன்று அவர்கள் பேசிய பேச்சில் இரண்டு அடுப்பிலும் பால் பொங்கி வழிந்தது. தம்பிக்காரன் டிப்போவிலிருந்து இரும்புக் கம்பி கொண்டுவந்து ஓட்டைக்கு வலை பற்றவைத்தான்.

செய்தி தெருவில் பரவியது. பரப்பியவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நாளில், மொட்டைமாடியில் புறா வளர்க்கும் கடிகாரக் கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார். ஒரு புறா போய்விட்டது, கீழ்வீட்டில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் பூனைதான் தின்றது, பூனையை விரட்டாவிட்டால் வீட்டைக் காலிசெய்யச் சொல்லப் போகிறேன் என்று குதித்தார். தையல்காரம்மா தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஓரகத்திகள் இருவரும் கிளம்பினார்கள். பிளாஸ்டர் பையைச் சுமந்தவள் மூத்தவள். மாடியில் ஓர் ஓரமாக இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடந்தன. புறாவின் நெஞ்சு எலும்பு சுத்தமாக வழிக்கப்பட்டிருந்தது. இளையவள் எங்கேயாவது பல் பட்டிருக்கிறதா என்று தேடினாள். ஒரு சுவடும் இல்லை. அவளுக்குப் புருவம் சுருங்கியது. மூத்தவள் ஓர் இறகை எடுத்து வெயிலில் பிடித்தாள். அடிக்காம்பு முறியாமல் முழுசாக இருந்தது. பூனை என்றால் இறகை வாயோடு கவ்விக் கடித்து முறித்திருக்கும், எச்சில் ஒட்டி ஒன்றோடொன்று கட்டியாக இருக்கும், இது ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டது என்றாள். பல்லே இல்லாத வாயா என்றாள் இளையவள், பாதி தனக்குத்தானே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

செல்போன் கோபுரத்தின் உச்சியில் வல்லூறு ஒன்று உட்கார்ந்து, காலடியில் எதையோ அழுத்திப் பிடித்துக் கொத்திக்கொண்டிருந்தது. காற்றில் ஒரு சாம்பல் இறகு மிதந்து மிதந்து இறங்கியது.

கடிகாரக் கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கீழே தெருவில் கூட்டம் கூடி நின்றது. சொல்லு என்று மூத்தவள் இளையவளின் முழங்கையை இடித்தாள். நீங்களே சொல்லுங்கக்கா, உங்க குரல்தான் எட்டும் என்றாள் இளையவள். மூத்தவள் அசையவில்லை. கைப்பிடிச் சுவர்வரை இளையவளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

இளையவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தையல்காரம்மா பூனையை மார்போடு அணைத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பூனை இல்லம்மா," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் பல்செட் அக்கா. "அழுகைய நிறுத்திட்டு மேல பாருங்க. கொன்னவரு அங்க உக்காந்து சாப்பிடுறாரு."